முழுதாய் அடைபட்ட இதயக் குழாயும் தவக்குலும்

"வாப்பாவுக்கு இதயக் குழாய் ஒன்று நூற்றுக்கு நூறு அடைத்துவிட்டது என்கிறார் டாக்டர். கதீட்டர் வைத்துத் திறந்து பார்க்கலாமாம். செய்யாமல் விட்டால் நாளை மறுமையில் அல்லாஹ் எங்களைப் பிடிப்பானா?" இப்படிக் கேட்பவர்கள் இன்று நம் வீடுகளில் பெருகிவிட்டார்கள். ஒரு மகன், கடன்பட்டாவது செய்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் பெற்றவரைக் கைவிட்ட பாவம் என்று துடிக்கிறான். வீட்டுப் பெரியவர் ஒருவர், அஜல் வந்தால் எந்தக் கம்பி தடுக்கும், தவக்குல் வைத்து விட்டுவிடுங்கள் என்கிறார். இருவருமே மார்க்கத்தின் பெயரால்தான் பேசுகிறார்கள். ஆனால் திறக்கப்போகும் அந்தக் குழாய் எப்படிப்பட்டது, திறந்தால் என்ன கிடைக்கும் என்று இருவருமே கேட்டதாகத் தெரியவில்லை. அதை அறியாமல் இதற்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதயம் உடலுக்கெல்லாம் இரத்தத்தை அனுப்புகிறது. தனக்கு வேண்டியதைத் தன் மேல் ஓடும் சிறு குழாய்களின் வழியே பெற்றுக்கொள்கிறது. இதை எழுதி வைத்தவர்களில் முந்தியவர் நம்மவரே. டமாஸ்கஸில் பயின்று, கெய்ரோவில் வாழ்ந்து, 1288ல் மறைந்த இப்னுன் நஃபீஸ் (ரஹ்) அவர்கள், இதயத்தின் தசைக்குள் பரவியிருக்கும் குழாய்களின் மூலமே அதற்கு உணவு சேருகிறது என்று குறித்திருக்கிறார்கள். அவர்கள் ஹகீம் மட்டுமல்லர், ஷாஃபிஈ மத்ஹபின் ஃபகீஹும் ஆவார்கள். மருத்துவமும் மார்க்கமும் ஒரே மனிதரிடம் சண்டையின்றிக் குடியிருந்த காலம் அது.

இந்தக் குழாய் அடைபடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, திடீரென்று இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது. அதுதான் மாரடைப்பு. அங்கே ஒவ்வொரு நிமிடமும் இதயத்தின் தசை மடிகிறது. உடனே குழாயைத் திறப்பது உயிரைக் காக்கும் காரியம். மற்றொன்று, ஆண்டுக்கணக்கில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து, சிறுகச் சிறுகக் குறுகி, முடிவில் முழுதாய் மூடிக்கொள்வது. மூடி மூன்று மாதம் கடந்துவிட்டால் அதை நாட்பட்ட முழு அடைப்பு என்கிறார்கள். நாம் பேசுவது இந்த இரண்டாம் வகையைப் பற்றியே.

நூற்றுக்கு நூறு அடைத்தும் மனிதர் எழுந்து நடமாடுகிறாரே, எப்படி? வல்ல நாயனின் கருணையைப் பாருங்கள். பெரிய வழி மெல்ல மெல்ல அடையும்போது, பக்கத்துக் குழாயிலிருந்து நூலிழை போன்ற கிளை வழிகள் அகன்று வந்து அந்தப் பகுதிக்கு இரத்தம் கொடுக்கின்றன. பலருக்கு இது ஓய்வாக இருக்கும்போது போதுமானதாகவும், மாடிப்படி ஏறும்போது போதாததாகவும் இருக்கிறது. அப்போதுதான் நெஞ்சில் இறுக்கம், மூச்சிரைப்பு. ஆகவே "நூறு சதவீதம்" என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் அழுகை கிளம்ப வேண்டியதில்லை. தொண்ணூறைவிட நூறு பயங்கரமானது என்ற கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது.

1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆன்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக் என்ற மருத்துவர், விழித்திருந்த ஒரு நோயாளியின் குறுகிய இதயக் குழாயை முதன்முதலாகச் சிறு பலூனால் விரித்தார். குறுகிய குழாயில் இது இன்று அன்றாட வேலை. முழுதாய் அடைத்த குழாயிலோ கம்பி நுழைய வழியே இராது. அடைப்பின் முனை காய்ந்த சிமெண்ட் போல் இறுகியிருக்கும். மெல்லிய கம்பியை அதன் ஊடே துளைத்துச் செலுத்த வேண்டும். அல்லது குழாயின் சுவர்ப் படலத்துக்குள் நுழைந்து, அடைப்பைச் சுற்றிக் கடந்து, அப்பால் மீண்டும் உள்வழிக்கு வர வேண்டும். அதுவும் முடியாவிட்டால், மேலே சொன்ன அந்தக் கிளை வழியாகவே சுற்றிப் போய், அடைப்பைப் பின்புறமிருந்து அணுகுகிறார்கள். ஒஸாமு காட்டோ முதலிய ஜப்பானிய மருத்துவர்கள் இந்தப் பின்வழி முறையை வளர்த்து 2006ல் வெளியிட்டார்கள். பிறகு பலூன், அதன்பின் ஸ்டெண்ட்.

கைதேர்ந்தவர்களிடம் 100 பேரில் 85 முதல் 90 பேருக்கு இது வெற்றி பெறுகிறது. பழக்கம் குறைந்த இடங்களில் அதைவிடக் குறைவு. இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். எக்ஸ்ரே கதிரும், சிறுநீரகத்தைத் தொல்லைப்படுத்தக்கூடிய சாயமும் அதிகம் செல்லும். குழாய் கிழிந்து இதய உறைக்குள் இரத்தம் கசியும் ஆபத்து, சாதாரண ஆஞ்சியோபிளாஸ்டியைவிட இதில் கூடுதல். சிறுபான்மையினருக்கே நேர்கிறது என்றாலும், நேர்ந்தால் உயிருக்கே மோசமாகலாம்.

இத்தனைக்கும் பலன் என்ன? ஐரோப்பாவில் 396 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2018ல் வெளிவந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களைவிட, குழாய் திறக்கப்பட்டவர்களுக்கு ஓராண்டு முடிவில் நெஞ்சுவலி குறைந்திருந்தது, நடமாட்டமும் மேம்பட்டிருந்தது. தமக்கு எது செய்யப்பட்டது என்பது நோயாளிகளுக்குத் தெரியும் என்பதால், நம்பிக்கையால் வந்த சுகமும் அதில் சிறிது கலந்திருக்கலாம். கொரிய மருத்துவர்கள் முன்னின்று ஆசியாவில் நடத்திய மற்றோர் ஆய்வு 2019ல் வந்தது. மரணத்திலும் மாரடைப்பிலும் இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. அந்த ஆய்வில் குறைகள் உண்டு. திட்டமிட்ட எண்ணிக்கை சேரும் முன்பே அதை நிறுத்தினார்கள். ஆயினும் இந்தச் சிகிச்சையால் ஆயுள் கூடும் என்று இதுவரை எந்தக் குலுக்கல் ஆய்வும் நிரூபிக்கவில்லை. வலி குறையும் என்பதற்கே ஆதாரம் இருக்கிறது.

இனி மார்க்கத்துக்கு வருவோம். மருத்துவம் தவக்குலுக்கு எதிரானது என்று சொல்லும் பெரியவருக்கு, ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வரலாறே போதும். அவர்கள் நோயுற்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காண வந்து, நெஞ்சின் மீது தம் திருக்கரத்தை வைத்தார்கள். இது இதயத்தில் கண்ட நோய் என்று சொல்லி, தகீஃப் கூட்டத்து வைத்தியரான ஹாரித் இப்னு கலதாவிடம் போகும்படிப் பணித்தார்கள் என்று அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அந்த ஹாரித் இஸ்லாத்தில் வந்தாரா இல்லையா என்பதிலேயே அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனாலும் தொழில் தெரிந்தவரிடம்தான் அனுப்பினார்கள்.

சரி, அப்படியானால் மகன் சொல்வதுதான் சட்டமா? இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தவக்குலைப் பற்றிப் பேசும்போது, தீங்கை நீக்கும் சாதனங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். பசிக்கு ரொட்டி, தாகத்துக்குத் தண்ணீர் போல் உறுதியானவை முதல் வகை. மரண பயம் இருக்கும்போது இவற்றை விடுவது தவக்குல் அல்ல, ஹராம். இரத்தம் குத்தி எடுப்பது, பேதி மருந்து போல் பலன் தரும் என்று எதிர்பார்க்கத்தக்கவை இரண்டாம் வகை. இவற்றைச் செய்வது தவக்குலுக்கு விரோதமில்லை, விடுவதும் விலக்கப்பட்டதில்லை. வெறும் ஊகத்தில் நிற்பவை மூன்றாம் வகை.

என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில், நம் பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. கதீட்டர் சிகிச்சை இம்மூன்றில் எந்த வகை என்று கேட்டால் ஒரே பதில் இல்லை. திடீர் மாரடைப்பில் அது முதல் வகையை நெருங்கி நிற்கிறது. நாட்பட்ட முழு அடைப்பில், மாத்திரைகளுக்கும் அடங்காத நெஞ்சுவலியைக் குறைக்க என்றால் இரண்டாம் வகை. வலியோ மூச்சிரைப்போ எதுவுமே இல்லாத ஒருவருக்கு, ஹயாத்து நீளும் என்ற ஆசையில் மட்டும் செய்தால், இன்றைய அறிவின்படி அது மூன்றாம் வகைக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. கம்பியும் ஸ்டெண்டும் ஒன்றுதான். நாம் அதனிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதால் சட்டம் மாறுகிறது.

ஷாஃபிஈ மத்ஹபில் மருத்துவம் செய்துகொள்வது பொதுவாக சுன்னத்து, ஃபர்ளு அல்ல. எனவே டாக்டரின் விளக்கத்தைக் கேட்டு, யோசித்து, மருந்தோடு நிறுத்திக்கொண்ட குடும்பத்தைப் பார்த்து "வாப்பாவை விட்டுவிட்டார்கள்" என்று உறவினர்கள் முணுமுணுப்பது அநியாயம். அதே போல, நாலு அடி நடந்தால் நெஞ்சை அடைக்கிறது, பள்ளிக்குப் போய் ஜமாஅத்தில் நிற்க ஆசையாக இருக்கிறது என்று ஒருவர் அந்தச் சிகிச்சையைத் தேடினால், அவர் ஈமானில் குறைந்தவரும் அல்லர். வலியை நீக்கிக்கொள்வது சிறிய நோக்கம் என்று எந்த இமாமும் சொல்லவில்லை.

தீர்மானிக்க வேண்டியவர் யார்? நோயாளிதான். வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு பெண்மணி, தமக்காக துஆச் செய்யும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்த செய்தி புகாரியில் இருக்கிறது. பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம், விரும்பினால் குணமாக துஆ என்று இரண்டையும் முன்வைத்து, முடிவை அந்தப் பெண்மணியிடமே விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். ஆனால் வலிப்பு வரும்போது ஆடை விலகாமலிருக்க மட்டும் துஆக் கேட்டுப் பெற்றார். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வாப்பாவிடம் நோயையே மறைத்துவிட்டு, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் டெலிபோனில் முடிவு செய்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனாலும் அந்த உடல் வாப்பாவிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், பிள்ளைகளிடம் அல்ல.

டாக்டருக்கும் அமானிதம் உண்டு. மருத்துவம் தெரிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்தால், நேரும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்று ஹதீஸ் இருக்கிறது. பட்டம் மட்டும் போதாது, இந்தக் குறிப்பிட்ட வேலையில் பழக்கமும் வேண்டும் என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம். ஆகவே மரியாதையோடு கேளுங்கள்: இப்படிப்பட்ட முழு அடைப்பை ஆண்டுக்கு எத்தனை பேருக்குத் திறக்கிறீர்கள்? எதற்காகத் திறக்கிறீர்கள், வலிக்காகவா ஆயுளுக்காகவா? மருந்தை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா? பைபாஸ் இவருக்குப் பொருத்தமா? நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டெண்டின் விலையைச் சுமார் 30,000 ரூபாய்க்கு இறக்கியது. அதற்கு முன் ஒன்றுக்கு லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கிய இடங்கள் உண்டு. ஆனால் முழு அடைப்பைத் திறக்கக் கம்பிகளும் நுண்குழாய்களும் பல செலவாகும். ஸ்டெண்டின் விலை அதில் ஒரு பங்குதான். இதற்காக வட்டிக்குக் கடன் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். உயிர் போகும் நிர்ப்பந்தத்துக்கு மார்க்கம் தரும் விதிவிலக்கு வேறு. மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிட்டுப் பார்க்காமலே, வலி குறைக்கும் ஒரு சிகிச்சைக்காக வட்டிக்குள் தலையைக் கொடுப்பதை நிர்ப்பந்தம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. உங்கள் ஊர் ஆலிமிடம், டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொல்லி, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டெண்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ஸ்டெண்டே திடீரென்று அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ரமளானில் சஹருக்கும் இஃப்தாருக்குமாக நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே டாக்டரைக் கேட்க வேண்டும். நோன்பே கூடாது என்று அவர் சொன்னால், சலுகையை ஏற்பதும் வணக்கமே. குழாயைத் திறக்காமல் மருந்தோடு இருப்பவர்கள், நின்று தொழும்போது நெஞ்சை இறுக்கினால் உட்கார்ந்து தொழலாம். வலி வந்தால் உட்கார்ந்து, டாக்டர் தந்திருந்தால் நாக்கின் அடியில் மாத்திரையை வைக்க வேண்டும். அப்போது நோன்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தில் அடங்காமல் வலி கூடினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, அது மேலே சொன்ன முதல் வகை. உடனே 108க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிட வேண்டும்.