அடுத்த வீட்டாரின் இரவு

சென்ற மாசியில் ஒரே வாரத்தில் இருவர் என் வீட்டுப் படியேறி வந்தார்கள். முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அடுத்து வந்தவர் தங்கும் விடுதி ஒன்றின் உரிமையாளர். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் உள்ள ஊர் அது. இருவருமே எனக்கு வேண்டியவர்கள். தொல்லையே அதுதான்.

விடுதியில் உரிமம் பெற்ற மதுக்கூடம் ஒன்று சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. நான்கு சுவர்களுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது. விடுதிக்குப் பின்னால் தென்னை மரங்கள் நிற்கும் மனை ஒன்று உண்டு. அங்கே மேசை நாற்காலிகள் போட்டு, விளக்குகள் கட்டி, திறந்த வெளியிலேயே மது பரிமாறுவதற்கு உரிமையாளர் அனுமதி கேட்டிருக்கிறார். தென்னை மனையின் வேலிக்கு அப்பால் ஒரு தெரு. சுமார் நாற்பது வீடுகள். அவற்றில் ஒன்று என் தங்கையின் வீடு.

ஆசிரியர் கையில் மனு இருந்தது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் கொடுப்பதற்காகத் தெருவார் எழுதியது. "ஐயா, தங்கை வீடு இருக்கிறது, உங்களுக்கும் பாத்தியதை உண்டு. ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்றார். வாங்கிப் படித்தேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அவர் முகம் வாடிப் போயிற்று.

அதற்குள் விடுதிக்காரர் வந்துவிட்டார். "ஏனுங்கண்ணா, உள்ளே உட்கார்ந்து குடிச்சாத் தப்பில்லீங்க. காத்தாட வெளியே உட்கார்ந்து குடிச்சா மட்டும் தப்புங்களா? சர்க்காரே கடை வச்சு விக்குதுங்க. நான் பத்துப் பேருக்கு வேலை குடுக்கறேன். என்னைப் போய்ப் பாவின்னு எழுதியிருக்காங்களாமே!" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் ஒரே அடியாகச் சொல்லிவிட முடியவில்லை. நான் உடனே கையெழுத்திடாமல் தயங்கியதற்கும் அதுவே காரணம். மனுவில் இரண்டு வேறு வழக்குகளை ஒரே முடிச்சில் கட்டியிருந்தார்கள். குடி பாவம் என்பது ஒன்று. எங்கள் தூக்கம் கெடும் என்பது மற்றொன்று. முதல் வழக்குக்கு முக்கால் பக்கம். இரண்டாவதற்கு நான்கே வரிகள்.

முதல் வழக்கு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார் ராஜாஜி. மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. கல்கி அதில் பணியாற்றினார். 1937-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய நாமக்கல் மாவட்டமும் அன்று சேலத்துக்குள் அடக்கம். 1997-இல்தான் அது பிரிந்தது. கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன வழி என்ற கேள்வி எழுந்தது. 1939-இல் விற்பனை வரி வந்தது. ஒரு கொள்கைக்காக வரும் பணத்தை வேண்டாம் என்று சொல்லி, அதன் சுமையை ஊர் முழுவதும் பகிர்ந்துகொண்ட காலம் அது.

அந்தக் காலம் போய்விட்டது. 1948-இல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு 1971-இல் தளர்ந்தது. பிறகு பல தடவை இறுகியும் நெகிழ்ந்தும் மாறியது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. ராஜாஜி செய்தது சரியா, பின்னால் வந்தவர்கள் செய்தது சரியா என்று வாதாட இப்போது நான் வரவில்லை. சட்டம் அனுமதிக்கும் ஒன்றைப் பாவம் என்று எழுதி அதிகாரியிடம் நீட்டினால் அவர் என்ன செய்வார்? மடித்து வைத்துவிடுவார். பாவ புண்ணியத்தைத் தீர்க்க அவருக்கு அதிகாரம் இல்லை. அதோடு தூக்கத்தைப் பற்றிய அந்த நான்கு வரிகளும் மடிந்து போகும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலேய அறிஞர் தனிமனித சுதந்திரத்தைப் பற்றி 1859-இல் ஒரு நூல் எழுதினார். மதுவிலக்கை அவர் கடுமையாக எதிர்த்தார். குடிப்பதைக் குறைப்பதற்காகவே கடைகளைக் குறைப்பதும் தவறு என்றார். அப்படிப்பட்டவரே குடிக்கும் இடத்தைப் பற்றிப் பேசும்போது வேறு மாதிரி பேசுகிறார். நம்பிக்கைக்கு உரியவருக்கே உரிமம் தரலாம், திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் வரையறுக்கலாம், நடத்துபவரின் அலட்சியத்தால் அங்கே அடிக்கடி அமைதி குலைந்தால் உரிமத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறார். குடிப்பவனின் சுதந்திரத்துக்காக வாதாடியவரே இவ்வளவு சம்மதிக்கிறார். கோப்பைக்குள் இருப்பது குடிப்பவனுடையது. அங்கிருந்து எழும் கூச்சல் அவனுடையது மட்டும் அல்லவே!

அப்படியானால் கூச்சலைப் பற்றிப் பேசுவோம். அதற்குச் சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. நல்ல விதிதான். ஆனால் தங்கை வீட்டில் தங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அந்தத் தெருவில் ஆறேழு வீடுகளில் விசைத்தறி ஓடுகிறது. இரவு ஷிப்டும் உண்டு. சடசடவென்று விடியும் வரை ஓடும். முதல் நாள் எனக்குத் தூக்கம் வராது. தங்கையோ தறி நின்றால்தான் விழித்துக்கொள்கிறாள்! "என்னமோ அறுந்து போச்சு போல" என்று படுக்கையிலிருந்தே சொல்லுவாள். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் இளம்பிள்ளையிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படித்தான் இரவு கழிகிறது.

தறியின் இரைச்சல் 45 டெசிபலுக்குள் அடங்குமா? ஒருநாளும் அடங்காது. அதைப் பொறுத்துக்கொள்ளும் தெரு, நாலு பேர் சிரிக்கும் சத்தத்துக்கு மனு எழுதுகிறதே, இது பாரபட்சம் அல்லவா? விடுதிக்காரர் இதைக் கேட்கவில்லை. அவருக்காக நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் தீங்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தறிக்காரரின் காது மந்தமாவதை எல்லோரும் அறிவோம். ஆனால் அந்தச் சத்தத்தில் தெருவுக்குப் பங்கு இருக்கிறது. ஒரு வீட்டில் நெசவு, ஒரு வீட்டில் தார் சுற்றுதல், ஒரு வீட்டில் பாவு. சத்தம் நின்றால் சோறும் நிற்கும். தெரு தானே ஒப்புக்கொண்ட துன்பம் அது. தென்னந்தோப்பிலிருந்து வரப்போகும் சத்தத்தில் இவர்களுக்கு என்ன பங்கு? சிரிப்பு அவர்களுடையது, லாபம் இவருடையது, விழிப்பு மட்டும் தெருவினுடையது. தறி ஒரே சீராக ஓடுகிறது. குடித்தவனின் குரலோ எப்போது உயரும், சிரிப்பு எப்போது சண்டையாகும், பாட்டில் எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. வேலிக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் பெண் சத்தத்துக்காக மட்டுமா விழித்திருப்பாள்? அடுத்து என்ன ஆகுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள். அந்த அச்சத்தை எந்தக் கருவி கொண்டு அளப்பது?

விடுதிக்காரர் இன்னொரு வாதமும் சொன்னார். "நான் விடுதி கட்டினப்போ அங்கே பாதி வீடுகூடக் கிடையாதுங்க. பின்னாலே வந்தவங்க சத்தம்னு சொல்லலாமுங்களா?" லண்டனில் 1879-இல் முடிந்த ஒரு வழக்கு என் நினைவுக்கு வந்தது. மிட்டாய் செய்யும் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய உரல்களில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு டாக்டர் தோட்டத்து முனையில் நோயாளிகளைப் பார்க்கப் புதிதாக ஓர் அறை கட்டினார். கட்டிய பிறகு, இடிக்கும் சத்தம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டார். முன்னால் வந்தவர் மிட்டாய்க்காரர்தான். ஆனாலும் டாக்டரே வென்றார். முன்னால் வந்தவன் தன் மனைக்கு உரிமையாளன் ஆகலாம். பக்கத்து மனையின் அமைதிக்கும் சேர்த்துப் பட்டா வாங்கிவிட முடியாது.

இவ்வளவு தெளிந்த பிறகும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. அனுமதி தரும் இடம் எது? மதுவை விற்கும் அதே அரசு. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகளை மூட நேர்ந்தது. அந்தக் கடைகளுக்கு மாற்று இடம் தேடி ஊர்களுக்குள்ளும் குடியிருப்புகளுக்குள்ளும் வந்தபோது, 2017-இல் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதற்கும் முன்னால் நம் சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள், குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் மக்கள் எதிர்த்த ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி 2015 ஜூலை 31-ஆம் தேதி செல்போன் கோபுரத்தில் ஏறினார். அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. ஒரு கடையை இடம் மாற்ற ஓர் உயிர் போக வேண்டியிருந்ததே! மனுவை வாங்கும் கை விற்பனைப் பணத்தையும் எண்ணும் கையாக இருந்தால், எவ்வளவு நல்ல அதிகாரிக்கும் மனம் ஒரு பக்கம் சாயாமல் இருப்பது கடினம். 1939-இல் வரியாக எல்லோரும் பகிர்ந்துகொண்ட சுமையை இன்று கடைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நாற்பது வீடுகள் தனியாகச் சுமக்கின்றன.

மூன்றாம் நாள் ஆசிரியர் வீட்டுக்கு நானே போனேன். "கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பாவத்தைப் பற்றிய பகுதியை எடுத்துவிடுங்கள். அது உங்கள் நம்பிக்கை. என் நம்பிக்கையும் அதற்கு வெகு தூரம் இல்லை. ஆனால் வழக்கு தூக்கத்தைப் பற்றியது" என்றேன். அவர் அரை மனத்தோடு தலையசைத்தார்.

"இன்னொன்றும் கேட்கவேண்டும், ஐயா. தெரு முனையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதம் முழுவதும் விடியற்காலை நாலரை மணிக்கு மைக் செட் போடுகிறீர்கள். விதி ஆறு மணி வரை இரவு என்கிறது."

"அது சாமி காரியம் அல்லவா?" என்றார், சற்றுக் கோபமாகவே.

சாமி காரியம்தான். சென்னையில் ஒரு ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கியைப் பற்றி அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறர் அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை ஒலிபெருக்கிக்கு அரசு இசைவு தரலாம் என்று விதியிலேயே இடமும் வைத்திருக்கிறார்கள். ஜெபக்கூடத்துக்குப் பொருந்தும் நீதி மாரியம்மன் கோயிலுக்கும் பொருந்தும், விடுதிக்கும் பொருந்தும். அடுத்தவனின் இரவை எடுத்துக்கொள்ளும் உரிமை சாமியின் பேரால் நமக்கு உண்டென்றால், வியாபாரத்தின் பேரால் தனக்கும் உண்டு என்று அவர் கேட்கமாட்டாரா? தெருவில் கைக்குழந்தை உண்டு. இரவு ஷிப்டு முடிந்து அப்போதுதான் கண்ணயரும் தறிக்காரன் உண்டு. நாலரை மணி மைக் செட்டைப் பற்றி அவர்கள் யாரிடம் மனுக் கொடுப்பது?

ஆசிரியர் வெகு நேரம் பேசவில்லை. உள்ளேயிருந்து காபி வந்தது. குடித்து முடித்த பிறகு, "கோயில் கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன். ஒத்துக்கொள்வார்களா, தெரியாது" என்றார்.

மனுவை அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினோம். மதுக்கூடம் இருக்கிற இடத்திலேயே, சுவருக்குள் நடக்கட்டும். தென்னந்தோப்புக்கு வர வேண்டாம். அனுமதி தருவதற்கு முன்னால் அதிகாரிகளில் ஒருவர் தெருவில் ஓர் இரவு தங்கிப் பார்க்கட்டும். எங்கள் கோயில் ஒலிபெருக்கியையும் இரவு பத்து முதல் காலை ஆறு வரை நிறுத்த நாங்கள் முயல்கிறோம். ஒரே பக்கத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன்.

திரும்பும் வழியில் விடுதிக்குச் சென்று உரிமையாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். என் வாயாலேயே அவர் கேட்பதுதான் முறை என்று பட்டது. அவர் முகம் கறுத்தது. "நீங்களுமா, அண்ணா?" என்றார். "உங்களைப் பாவி என்று அதில் எழுதவில்லை" என்றேன். அது அவருக்கு ஆறுதல் தரவில்லை. தரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அன்றிரவு தங்கை வீட்டில்தான் படுத்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.