உடைக்கப்பட்ட கை

நல்லதங்காள் கதைப்பாடலை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "ஏழு பிள்ளைங்களையும் கிணத்துல தள்ளினது கொலைதானேம்மா?" இன்னொருத்தி விடவில்லை. "பஞ்சத்துல அவ வேற என்ன செய்வா?" கதைப்பாடல் பழியை அண்ணி மூளி அலங்காரியின் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறது. பிறந்த வீட்டில் பசிக்குச் சோறு கேட்கவும் அவளுக்கு உரிமை இல்லாமல் போனது ஏன் என்று அது கேட்பதில்லை. நானும் அன்று தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அதே கேள்வியை வேறொரு நிலத்தில் வைத்துக் கேட்கும் நாவல்களில் அப்போது சிக்கிக்கிடந்தேன்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் என். கே. ஜெமிசின் 2015 முதல் 2017 வரை ஆண்டுக்கு ஒன்றாக எழுதிய மூன்று நாவல்கள் அவை. முதலாவது 'தி ஃபிஃப்த் சீசன்'. மூன்றும் அடுத்தடுத்து ஹியூகோ விருது பெற்றன. மாயமும் எந்திரமும் கலந்த சாகசக் கதை என்றதும் முகம் சுளிக்கும் தமிழ்த்துறை நண்பர்கள் எனக்குண்டு. காப்பியம் நடத்துகிறவர்கள் மாயத்தைக் கண்டு முகம் சுளிப்பது வேடிக்கைதான்.

ஓயாமல் நடுங்கும் ஒரு கண்டம். நிலநடுக்கத்தை மனத்தாலேயே எழுப்பவும் அடக்கவும் வல்ல சிலர் அங்கே பிறக்கிறார்கள். அவர்கள் மனிதர்களே அல்லர் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த நாடு ஒருநாள்கூட நிலைத்து நிற்காது. ஊர்களைக் காக்கும் நிலையம் ஒன்றுக்குள் சையனைட் என்ற இளம்பெண் நுழைகிறாள். உள்ளே கம்பி நாற்காலியில் ஒரு குழந்தை கட்டப்பட்டிருக்கிறது. உடம்பெல்லாம் குழாய்கள். நடுக்கத்தை அடக்கும் இயல்பூக்கத்தை மட்டும் விட்டுவைத்து மூளையின் மற்றத் தொடர்புகளை அறுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடி இரண்டு நாள் தள்ளிவைத்தேன்.

பின்னாளில் அவள் ஒரு தீவில் சுதந்திரமாக வாழ்கிறாள், பிள்ளை பெறுகிறாள். காவலர்கள் கப்பலில் வந்து சேரும்போது குழந்தையின் மூக்கையும் வாயையும் தன் கையாலேயே பொத்துகிறாள். நாற்காலி எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இதற்கு வரலாறு உண்டு. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் உறைந்துகிடந்த ஒஹையோ ஆற்றைக் குடும்பத்தோடு கடந்து தப்பினாள். பிடிபடும் நேரத்தில் தன் சின்ன மகளைக் கொன்றாள். டோனி மாரிசனின் 'பிலவ்ட்' அதிலிருந்து பிறந்தது. அப்போது எழுந்த சட்ட வாதம் விசித்திரமானது. கொலைக்குற்றம் சுமத்த வேண்டுமென்றால் அவளை மனுஷியாக ஏற்க வேண்டும். கடைசியில் உடைமை என்றே கருதி உரிமையாளரிடம் திருப்பி அனுப்பினார்கள். கொலைகாரி என்ற பட்டம்கூட அவளுக்கு மறுக்கப்பட்ட ஒரு கௌரவமாகிவிட்டது.

தாய் கொல்லலாமா என்று கேட்கிறோம். நாற்காலியைச் செய்தவன் யார் என்று கேட்பதற்கு ஜெமிசின் மூன்றாவது நாவலில் நாற்பதாயிரம் ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறார். உயிரின் புனிதத்தைப் பெருமையாகப் பேசும் ஒரு மாநகரம். மாயம் அங்கே மின்சாரம் போல எந்திரங்களில் ஓடுகிறது. ஊற்று எதுவென்றால், தோற்கடிக்கப்பட்ட ஓர் இனத்து மக்களின் உடல்கள். சாகவிடாமல் கொடிகளில் பிணைத்து உறிஞ்சுகிறார்கள். மாயமும் தொழில்நுட்பமும் இந்த நாவல்களில் எதிரெதிர் அல்ல. இன்னொரு உயிரில் உள்ளதை இழுத்தெடுக்கும் வழிக்குத்தான் அங்கே தொழில்நுட்பம் என்று பெயர்.

இதோடு நிறுத்தியிருந்தால் குற்றமெல்லாம் அமைப்பினுடையது, தாய் தூயவள் என்று நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஜெமிசின் விடவில்லை. சையனைட் சிறுமியாக இருந்தபோது, வலியிலும் அடங்கி இருக்கிறாளா என்று சோதிக்க, ஷாஃபா என்ற காவலன் அவள் கையை உடைத்தான். உன்மேல் அன்பு என்றும் சொன்னான். அவளே எசூன் என்ற பெயரில் ஒரு சிற்றூரில் ஆசிரியையாக ஒளிந்து வாழும் காலத்தில், தன் மகள் நாசூனின் கையை உடைக்கிறாள். அடங்கியிருந்தால் பிழைத்துக்கொள்வாள் என்ற பயம்.

நான் யார் எலும்பையும் உடைத்ததில்லை. ஆனால் போன வருடம் என் மகள் மேடையில் பேசிவிட்டு வந்தபோது, "இவ்வளவு சத்தமா சிரிக்கணுமாடி?" என்று கேட்டேன். அவள் முகம் அணைந்ததைப் பார்த்தேன். சொன்னது என் அம்மாவின் வாக்கியம். அம்மாவுக்கு அவள் அத்தையிடமிருந்து வந்தது. மூவரும் அன்பினால்தான் சொன்னோம் என்பது உண்மை. அதனால் குறைந்த வலி எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை.

நாவலின் முடிவில் உலகையே மாற்றவல்ல விசை ஒன்றுக்காகத் தாயும் மகளும் மோதுகிறார்கள். மகள் மனிதர்கள் எல்லோரையும் கல்லுயிர்களாக மாற்ற நினைக்கிறாள், அவளைக் கொன்றால்தான் தடுக்கலாம். எசூன் இந்த முறை பிடியை விட்டுவிடுகிறாள். அவள் உடல் கல்லாகிறது. மகள் என்ன செய்வாள் என்பது அந்தக் கணத்தில் அவளுக்குத் தெரியாது.

வரும் வாரம் அந்த வகுப்பு மறுபடி இருக்கிறது. நல்லதங்காள் பாதியில் நிற்கிறாள், கிணற்றடியில்.