தெரியாமல் செய்த கொலையா?



மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டி ஓர் உயிரைப் பறித்தவன் நீதிமன்றத்திலும் உறவினர் நடுவிலும் தவறாமல் சொல்லும் சொல் ஒன்று உண்டு. "நான் வேண்டுமென்று செய்யவில்லை, அந்நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்பதே அது. அச்சொல் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். மாண்டவர் மீது அவனுக்குப் பகையில்லை. அவர் யாரென்பதும் அவனுக்குத் தெரியாது. அவ்வாறாயின் அவன் கொலைப் பாவத்திற்கு ஆளானவனா? ஆளானவன் எனில், அப்பாவம் எந்தக் கணத்தில் அவனைப் பற்றியது? வண்டி மோதிய கணத்திலா, அதற்கு முன்பேயா?

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின; 17,884 பேர் மாண்டனர். இவை யாவும் குடியால் நேர்ந்தவை அல்ல. ஆயினும் குடியால் நேர்ந்தவை ஒவ்வொன்றும் தவிர்த்திருக்கக் கூடியவை. ஆதலின் இக்கேள்வியைச் சட்டம் படித்தோரிடம் மட்டும் விட்டுவிடாமல், அறம் பேணும் இல்லறத்தாராகிய நாமும் ஆராய்ந்து பார்ப்பது கடமையாகும்.

கவனமின்மையே ஹிம்சை

உயிருக்கு ஊறு நேர்வது மட்டுமே ஹிம்சை என்று நம் ஆசாரியர்கள் கூறவில்லை. பிரமாதம் என்னும் கவனமின்மையோடு கூடி உயிருக்குத் தீங்கு செய்வதே ஹிம்சை என்பது உமாஸ்வாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் தரும் இலக்கணம். குந்தகுந்தாசாரியர் பிரவசனசாரத்தில் இதனை இன்னும் தெளிவாக்குகிறார். கவனமின்றி ஒழுகுபவனுக்கு, எதிரிலுள்ள உயிர் இறந்தாலும் பிழைத்தாலும் ஹிம்சை உறுதி. ஈர்யா சமிதியைப் பேணி நிலம் நோக்கி நடக்கும் முனிவருக்கோ, அவரையறியாமல் ஓர் உயிர் காலடியில் மடிந்தாலும் அதனால் மட்டும் வினைக்கட்டு இல்லை என்பது அவர் கருத்து.

வகுப்பறை உவமை ஒன்றால் இதனை விளக்கலாம். இரு சிறுவர்கள் ஓடக்கூடாது என்று சொல்லப்பட்ட இடத்தில் ஓடுகிறார்கள். ஒருவன் கை பட்டு மைக்கூடு உடைகிறது. மற்றவன் கையில் எதுவும் படவில்லை. உடைத்தவனை மட்டும் ஆசிரியர் கடிந்துகொண்டால் மற்றவன் கற்பது என்ன? "ஓடலாம்; அகப்படாமல் ஓட வேண்டும்" என்பதையே அவன் கற்றுக்கொள்வான்.

நம் ஊர்ச் சாலைகளில் நடப்பதும் இதுவே. இருவர் ஒரே விருந்தில் ஒரே அளவு அருந்திவிட்டு அவிநாசி சாலையில் புறப்படுகிறார்கள். ஒருவர் நலமாக வீடு சேர்ந்து உறங்குகிறார். மற்றவர் வண்டியின் முன் ஒரு தொழிலாளி சைக்கிளில் குறுக்கிடுகிறார். முன்னவரை 'அளவறிந்து குடிப்பவர்' என்கிறோம். பின்னவரைக் கொலைகாரர் என்கிறோம். இருவர்தம் உள்ளத்தையும் ஒழுக்கத்தையும் ஒப்பிட்டால் வேறுபாடு எங்கே இருக்கிறது? சைக்கிள் வந்ததும் வராததும் அவர்கள் செயல் அல்லவே!

நிச்சய நயத்தால் நோக்குங்கால் இருவரும் ஒரே பிரமாதத்தைச் செய்தவர்களே. விவகார நயத்தால் நோக்குங்கால் வேறுபாடு மிகப் பெரிது. ஒரு வீட்டில் விளக்கு அணைந்துவிட்டது. அந்த இழப்பிற்கு ஈடு செய்யும் கடன் பின்னவரையே சாரும். இரு நயங்களையும் சேர்த்துக் கொள்வதே நம் மரபு. வீடு சேர்ந்தவர் "எனக்கு ஒன்றும் நேரவில்லை" என்று தம்மைக் குற்றமற்றவராக எண்ணுவது, ஒரு நயத்தை மட்டும் பற்றிய மயக்கமாகும்.

முதற் கோப்பையும் சட்டைப்பைச் சாவியும்

அறிவு மயங்கிய பின் செய்ததற்கு ஒருவனை எப்படிப் பொறுப்பாக்குவது என்று கேட்கலாம். அமிர்தசந்திராசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதற்கு ஒரு சங்கிலித் தொடர் காட்டுகிறார். மது மனத்தை மயக்கும். மயங்கிய மனம் அறத்தை மறக்கும். அறத்தை மறந்தவன் கூசாமல் ஹிம்சை செய்வான். இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியில் அவனுக்கு அறிவில்லை என்பது மெய்யே. முதற் கண்ணியில் அறிவு இருந்தது. சட்டைப்பையில் வண்டிச் சாவியை வைத்துக்கொண்டு முதற் கோப்பையைக் கையில் எடுத்தானே, அப்போது அவன் தெளிந்த அறிவினன்தான். பாவம் அங்கே தொடங்கிவிட்டது. ஸமந்தபத்ராசாரியர் மது விலக்கை ஐந்து அணுவிரதங்களோடு சேர்த்து இல்லறத்தாரின் எட்டு மூலகுணங்களுள் ஒன்றாக வைத்ததன் நயம் இதனால் விளங்கும். வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டுவதில் பயனில்லை.

நாட்டுச் சட்டமும் இவ்விடத்தில் நம் ஆசாரியர்களோடு ஒத்துப்போவது வியப்பைத் தருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 23, 24ஆம் பிரிவுகள், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 85, 86ஆம் பிரிவுகளைப் பின்பற்றியவை. பிறர் வஞ்சகமாகவோ வற்புறுத்தியோ போதையூட்டினாலன்றி, தானே விரும்பிக் குடித்தவனுக்குப் போதை ஒரு மன்னிப்பு ஆகாது. தெளிந்திருந்தால் அவனுக்கு எவ்வறிவு இருந்திருக்குமோ, அவ்வறிவோடு செய்தவனாகவே சட்டம் அவனைக் கொள்ளும். "எனக்குத் தெரியவில்லை" என்ற சொல்லுக்கு அங்கும் இடமில்லை.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 185இன்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வாகனம் ஓட்டுவது குற்றம். யாரையும் இடித்திருக்க வேண்டும் என்பதில்லை; ஓட்டியதே குற்றம். உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும் ஹிம்சை உறுதி என்ற கொள்கைக்கு மிக அண்மையில் நிற்கும் சட்டப்பிரிவு இது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் முதற் குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். உரிமமும் இடைநிறுத்தப்படலாம்.

உயிர் போய்விட்டாலோ, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு நியாய சன்ஹிதையின் 106ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. இது பழைய சட்டத்தில் இரண்டாண்டாக இருந்தது. விளைவை அறிந்தே செய்ததாகக் கருதப்பட்டால் 105ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை செல்லும். 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில், நடைபாதையில் உறங்கிய தொழிலாளர் எழுவர் ஒரு காரின் அடியில் மாண்டனர், எண்மர் காயமுற்றனர். கார் ஓட்டிய இளைஞன் மது அருந்தியிருந்தான். உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில், அது வெறும் கவனக்குறைவு அன்று, கொலைக்குற்றமாகாத மரண விளைவிப்புக் குற்றமே என்று முடிவு செய்து மூன்றாண்டுச் சிறையை உறுதி செய்தது. குடித்துவிட்டு அத்தகைய வேகத்தில் ஓட்டுபவனுக்கு உயிர் போகக்கூடும் என்ற அறிவு இருந்ததாகவே கொள்ளலாம் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

"விடிந்தால் தெளிந்துவிடும்" என்போர்க்கும் ஒரு கணக்கு உண்டு. இரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை உடல் மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் வீதமே குறைக்கும். நள்ளிரவில் 150 மில்லி கிராம் இருந்தால், 30க்கு இறங்கக் காலை எட்டு மணியாகும். காபியும் எலுமிச்சைச் சாறும் குளிர்ந்த நீராடலும் இதனை விரைவுபடுத்தா. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். தடையை மிதிக்க ஒரு நொடி தாமதித்தால், நம் தெரு அகலத்தைப் போல் இரு மடங்கு தொலைவு கண்மூடிச் சென்றதற்கு ஒப்பாகும்.

செய்தல், செய்வித்தல், உடன்படல்

"நம் வீடுகளில் குடிப்பவர் இல்லையே, இவ்வுபதேசம் நமக்கெதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். வினை மூவகையில் பற்றும் என்பதை நாம் அறிவோம்: தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆம் பிரிவும் குடித்து ஓட்டுவதற்குத் துணை நிற்போரைத் தண்டிக்கிறது. குடித்தவரோடு அதே வண்டியில் செல்வோர் மீதும் வழக்குத் தொடரப்படும் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில் அறிவித்தது. சிறுவர் கையில் வண்டியைக் கொடுத்து அவர் குற்றம் செய்ய நேர்ந்தால், 199அ பிரிவின்படி பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

கொங்கு நாடு வண்டிகளின் நாடு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிகள் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. நம்மவரிலும் ஆலை, வணிகம், சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்டோர் உளர். ஓட்டுநர் குடித்திருப்பதை முகத்தில் கண்டும், "சரக்கு காலையில் போய்ச் சேர வேண்டும்" என்று அனுப்பும் முதலாளி ஒரு துளியும் அருந்தாதவராக இருக்கலாம்; செய்வித்தவர் அவரே. கல்யாண மண்டபத்தின் பின்புறம் நடப்பதைக் காணாதவர் போல் இருந்துவிட்டு, வாசலில் நின்று கைகூப்பி விருந்தினரை வழியனுப்பும் வீட்டாரும் உடன்பட்டவரே.

விபத்துக்குப் பின் நேரும் சோதனை இதனினும் கடுமையானது. 2024 மே 19ஆம் நாள் புனே நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்பட்ட கார் மோதி இரு இளம் பொறியாளர்கள் மாண்டனர். சில மணி நேரத்தில் அவனுக்குப் பிணை கிடைத்தது. சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகளுள் ஒன்று. இரத்த மாதிரி மாற்றப்பட்டது என்றும், பழியை ஏற்கும்படி ஓட்டுநர் வற்புறுத்தப்பட்டார் என்றும் காவல்துறை குற்றம் சாட்டியது. அவற்றை நீதிமன்றமே முடிவு செய்யட்டும். நாம் கேட்க வேண்டியது ஒன்று: அத்தகைய இரவு நம் வீட்டிற்கு வந்தால் நாம் என்ன செய்வோம்?

மகனைக் காப்பது தாயின் இயல்பு. அஹிம்சை பேணும் நாம் அவனைச் சிறைக்கு அனுப்பலாமா என்றும் நெஞ்சம் கேட்கும். ஆனால் பொய்ச் சான்று தேடினால் சத்திய விரதம் அழிகிறது; கூலிக்கு வேலை செய்யும் ஓட்டுநர் மீது பழி ஏற்றினால் இரண்டாவது ஹிம்சை நிகழ்கிறது; மாண்டவர் வீட்டாரின் நீதியைப் பறித்தால் மூன்றாவது. மகனுக்கும் அது நன்மை அன்று. உண்மையை ஒப்புக்கொள்ளும் ஆலோசனையே பிராயச்சித்தத்தின் முதற்படி என்று சொல்லும் மரபில் வந்தவர்கள் நாம். அப்படியை ஏறவிடாமல் தடுக்கும் அன்பு அவனைத் தீவினையிலேயே இருத்திவிடும். வழக்கறிஞரை அமர்த்தலாம், பிணை கேட்கலாம், சிறையில் உணவு கொண்டு செல்லலாம். பொய் சொல்லுதல் மட்டும் ஆகாது. அடிபட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது சட்டப்படி ஓட்டியவனின் கடமை. அறத்தின்படி அவனுக்கு எஞ்சிய ஒரே நல்வினை.

கடை நகர்ந்தது, ஆசை நகர்ந்ததா?

சட்டத்தால் மட்டும் இத்தீமை ஒழியுமா? சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1 முதல் இராஜாஜி அரசு மதுவிலக்கைத் தொடங்கியது. 1971இல் தமிழகத்தில் அது தளர்ந்தது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறையில் மது விற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15இல் ஆணையிட்டது. ஆணையின் நோக்கம் நன்று. அகற்றிய கடைகளோ குடியிருப்புகளைத் தேடி வந்தன. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அவ்வாறு வரவிருந்த கடையை எதிர்த்துப் பெண்கள் சாலையில் அமர்ந்தனர். காவல் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணின் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே கண்டது. பின்னர் அவ்வாணையும் தளர்த்தப்பட்டது.

இதைக் காணும்போது ஹரிவம்ச புராணத்தில் வரும் துவாரகையின் வரலாறு நினைவுக்கு வருகிறது. மதுவால் நகர் அழியும் என்று நேமிநாத பகவான் உணர்த்தியதும், நகரிலிருந்த மது முழுவதும் காட்டில் கொட்டப்பட்டது. ஆண்டுகள் கழிந்தன. காட்டிற்குச் சென்ற யாதவ இளைஞர் தாகத்தால் அங்குத் தேங்கியிருந்ததை அருந்தி, மதிமயங்கித் துவீபாயன முனிவரைத் தாக்கினர். அவர் சினத்தீயில் நகரம் எரிந்தது. மதுவை ஊருக்கு வெளியே வைத்தார்கள். ஆசை ஊருக்குள்ளேயே இருந்தது. சட்டம் கடையை 500 மீட்டர் நகர்த்தலாம். உள்ளத்தை நகர்த்துவது விரதமே.

ஆதலின் நம் குடும்பங்களில் சில ஒழுங்குகளை ஏற்போமாக. பிள்ளைகளுக்கு மூலகுணங்களைக் கற்பிக்கும்போது மது விலக்கை உணவு விதியாக மட்டும் சொல்லாமல், பிறர் உயிரைக் காக்கும் விதியாகச் சொல்லிக் கொடுப்போம். விடுதியில் தங்கிப் படிக்கும் மகனிடமும் பணிக்குச் செல்லும் மகளிடமும், "குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏறாதே, எந்நேரமாயினும் வீட்டிற்குத் தொலைபேசி செய், ஏச்சு இல்லாமல் வந்து அழைத்துக்கொள்கிறோம்" என்று உறுதி கூறுவோம். ஏச்சுக்கு அஞ்சியே பலர் வீட்டை அழைப்பதில்லை. விருந்தில் யாரேனும் தடுமாறினால், மாமனாராயினும் மேலதிகாரியாயினும், பணிவோடு சாவியைக் கேட்டு வாங்குவோம். அது அவமதிப்பு அன்று, அபயதானம். அவருக்கும், அவர் வழியில் எதிர்ப்படவிருந்த முகமறியாத ஒருவருக்கும் சேர்த்துச் செய்யும் தானம்.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புற்று வாழ்க!