பற்றும் பிடியும்

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளை முதன்முதலாகக் கையில் எடுப்பவர் அதை இறுகப் பிடிப்பார். ஐந்து குண்டும் ஐந்து பக்கம் போகும். பழகியவரோ முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் சும்மா ஏந்திக்கொள்வார். விரல்கள் அதைச் சுற்றுவதில்லை. உள்ளே பிஸ்டன் பாயும்போது, குண்டு குழலைத் தாண்டும் முன்பே துப்பாக்கி உதறத் தொடங்கிவிடுகிறது. இறுக்கம் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவில் இருப்பதால் உதறலும் மாறிக்கொண்டே இருக்கும். தடுக்காமல் விட்டால் எப்போதும் ஒரே மாதிரி உதறும். குண்டுகள் ஓரிடத்தில் சேரும்.

கையின் பிடிக்கும் மனத்தின் பிணைப்புக்கும் ‘பற்று’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறது தமிழ். அதனால் இங்கே துறவைப் பற்றிய பழைய கேள்வி எழாமல் இருக்காது: பிடியை விட்டவன் எதன்மேல் நிற்பான்?

துப்பாக்கியைச் சீர்செய்பவர்களின் மேசையில் இதற்கு இரும்பாலான ஒரு விடை கிடைக்கிறது. அழுத்திய காற்றை முன்கூட்டியே அடைத்துச் சுடும் பிசிபி ரகத் துப்பாக்கிகள் பலவற்றில் மெல்லிய நீண்ட குழலுக்குக் கீழே காற்று உருளை இருக்கும். 200 பார் அழுத்தம் அதில் சாதாரணம். குழல் ஆடக் கூடாதென்று அதை உருளையோடு வளையம் போட்டு முறுக்கிவிடுகிறார்கள். அங்கேதான் வினை. சுடச்சுட அழுத்தம் இறங்கும். உருளை மயிரிழை அளவு உருமாறும். அதோடு கட்டுண்ட குழலும் நகரும். காற்று நிரப்பியதும் நடுவில் விழுந்த குண்டு போகப்போக விலகும். ஆதரவென்று நம்பியதே அலைக்கழிக்கிறது. வளையத்தின் துளையைப் பெரிதாக்கி, உள்ளே ரப்பர் வளையம் வைத்து, உருளையின் தள்ளல் குழலுக்கு எட்டாமல் செய்வது ஒரு வழி. வளையத்தையே கழற்றிவிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே நிபந்தனைதான்: குழலின் அடி, துப்பாக்கியின் உடலில் துளியும் அசையாமல் பதிந்திருக்க வேண்டும். அடி தளர்ந்த குழலை எப்படி விட்டாலும் பயனில்லை.

துறவு அதிகாரத்தை முடிக்கும் குறளில் வள்ளுவர் பற்றை விடுவதற்காகவே, பற்றற்ற ஒருவனைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார். முரண்போலத் தோன்றும் அந்த இடம், அடியில் மட்டும் ஊன்றி வேறெங்கும் தொடாமல் நீளும் குழலைப் பார்த்தால் கண்ணுக்கே புலப்படுகிறது.

அடியே ஆடினால்?

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச்சுற்றில் மூன்றாவதாக வந்த இந்திய வீரர் அபினவ் பிந்த்ரா, இறுதிச்சுற்றில் ஏழாம் இடத்துக்கு இறங்கினார். அந்தப் போட்டியில் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, தசையை நம்பாமல் எலும்பு வழியாகவே துப்பாக்கியின் எடையைத் தரைக்கு இறக்குவதுதான் அதில் நிற்கும் முறை. அன்று அவர் காலடியில் இருந்த டைல் ஒன்று பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பிறகுதான் அது தெரியவந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பியவர், வீட்டுப் பயிற்சிக்கூடத்திலும் அப்படி ஆடும் டைல் ஒன்றைப் பதித்து, அதன்மேல் நின்று சுட்டுப் பழகினார். 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் தங்கம் வென்றபோது அவருடைய கடைசிக் குண்டுக்குக் கிடைத்த புள்ளி 10.8.