கட்டில் அருகே ஒரு பணிவிடை

அய்யா உண்டு.

அன்புக்கொடி மக்களே! நிழல்தாங்கலில் பணிவிடை செய்துவரும் நான், ஒருநாள் தவறிப்போனதை உங்களிடம் சொல்லுகிறேன்.

என் சித்தப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். அன்று காலையில் பதம் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாயில் ஊற்றப் போகையில் நர்சம்மா தடுத்தார். "அய்யாவுடைய பதத்தையா தடுக்கிறீர்கள்?" என்று சத்தம் போட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம் அண்ணா. உயிருக்கே ஆபத்து. நாங்கள் சொல்லும்வரை தண்ணீர்கூட வேண்டாம்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். நான் போட்ட சத்தத்தில் சித்தப்பாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆறுதல் சொல்ல வந்தவன் பயத்தைக் கூட்டிவிட்டேன். வெட்கத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. "உள்ள கொண்டு போறது வரைக்கும் இங்கயே இரு மக்கா" என்றார்.

தொட்டால் தீட்டு என்று மனிதரை மனிதர் ஒதுக்கிய காலத்தில், அய்யா எல்லாரையும் ஒரே முத்திரிக்கிணற்று நீரில் சேர்த்தார். ஒன்றாக இருந்து உண்ண வைத்தார். இன்றும் பதியில் நம் நெற்றியைத் தொட்டுத்தான் நாமம் இடுகிறார்கள். அந்தத் தொடுகையை நோயாளியின் கட்டிலுக்கும் கொண்டு போவது நம் கடமை அல்லவா?

ஆகவே மக்களே, நோயாளியைப் பார்க்கப் போனால் கையைக் கழுவிவிட்டுக் கிட்டே போங்கள். நின்றுகொண்டு பேசாமல், உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுங்கள். செலவு எவ்வளவு என்று கேட்காதீர்கள். இதே நோயில் இறந்தவர் கதையை எடுக்காதீர்கள். தண்ணீரும் கண்ணாடியும் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். கால் குளிர்ந்தால் போர்வையை இழுத்து விடுங்கள். துணைக்கு இருப்பவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அவர் சாப்பிட்டு வரும்வரை நீங்கள் அங்கே இருங்கள். நோயாளி களைத்துவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பக்கத்துக் கட்டிலில் கிடப்பவர் எந்த மதத்தவரானாலும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். கேட்காமல் நாமம் இடவேண்டாம். அன்புக்கு அனுமதி தேவையில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தண்ணீர் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னபிறகு, அதே நர்சம்மா முன்னிலையில் சித்தப்பாவுக்குப் பதம் கொடுத்தேன். அதுவரை அய்யா காத்திருந்தார். அவசரப்பட்டவன் நான்தான்.

அய்யா உண்டு.