ஒயில் மாற்றுவதும் வண்டியை ஒப்படைப்பதும்

சொந்த வாகனத்தைத் தானே பராமரிப்பதா, கூலி கொடுத்து மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதா என்ற கேள்வி பெரும்பாலும் செலவுக் கணக்காகவே எழுப்பப்பட்டு, செலவுக் கணக்காகவே முடித்துவைக்கப்படுகிறது. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் ஏ15 வீதியில், வாவியை அண்டி அமைந்துள்ள ஏறாவூர் போன்ற ஒரு நகரில் அந்தக் கணக்குக்கு அதிக நேரம் தேவைப்படாது. வீதியோரத்து கராச்சில், அதாவது வாகனம் திருத்தும் பட்டறையில், வாங்கப்படும் கைக்கூலி கொழும்பின் முகவர் நிலையங்கள் வாங்குவதைவிட மிகக் குறைவு. எனவே தானே செய்வதால் மிஞ்சும் பணமும், ஸ்பானரும் ஜக்கும் வாங்கிய செலவைக் கழித்துப் பார்த்தால், பெருமைப்படத்தக்க தொகையாக இராது. பணக்கணக்கு இவ்வளவு விரைவில் தீர்ந்த பின்னரும் கேள்வி தீராமல் நிற்பதற்குக் காரணம், வண்டியைப் பற்றிய அறிவு யாரிடம் இருக்க வேண்டும் என்பது அதனுள் ஒளிந்திருப்பதேயாகும்.

கிழக்கின் நகரங்களில் வழக்கிலுள்ள முறை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மெக்கானிக் வண்டியைப் பார்த்து, தேவையான சாமான்களை ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கிறார். உரிமையாளர் அத்துண்டுடன் உதிரிப்பாகக் கடைக்குச் சென்று அவற்றை வாங்கி வருகிறார். மெக்கானிக் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டிவிட்டுத் தமது கூலியை மட்டும் பெற்றுக்கொள்கிறார். சாமானில் மெக்கானிக் இலாபம் வைத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையால் நிலைபெற்ற இம்முறை, அந்த எச்சரிக்கைக்கு ஒரு விலையும் வைத்திருக்கிறது. ‘ஒரிஜினல் தரவா, சைனா தரவா?’ என்று கடைக்காரர் கேட்கும் நொடியில் முடிவெடுக்கும் பொறுப்பு, மூவரில் மிகக் குறைவாக அறிந்தவரான உரிமையாளரின் தலையில் விழுகிறது. அவரும் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார். மூன்று மாதத்தில் அது பழுதானால், மெக்கானிக் சாமானைக் குறை சொல்ல, கடைக்காரர் பூட்டிய விதத்தைக் குறை சொல்ல, இருவருக்கும் பணம் கொடுத்தவர் நடுவில் நிற்கிறார். தானே செய்யாமலும் முழுமையாக நம்பாமலும் இருக்கும் இந்நிலையில், உரிமையாளர் வேலையிலிருந்து விலகியிருக்கிறாரே தவிர, அதன் பொறுப்பிலிருந்து விலகவில்லை.

தானே செய்வதைச் சுதந்திரத்தின் அடையாளமாகப் போற்றும் எழுத்துகள் மேற்குலகில் உண்டு. ராபர்ட் பிர்சிக் 1974 இல் வெளியிட்ட, மோட்டார் சைக்கிள் பராமரிப்பைத் தலைப்பிலேயே கொண்ட தத்துவ நாவல் அவற்றுள் பெயர்பெற்றது. திறமைக் குறைவைவிட அக்கறைக் குறைவையே மெக்கானிக்குகளின் குற்றமாக அது காண்கிறது. இலங்கைத் தமிழரின் அனுபவத்திலோ தானே செய்தல் விரும்பித் தெரிந்தெடுத்த ஒன்றாக இருந்த காலத்தைவிட வேறு வழியின்றி நேர்ந்த காலமே அதிகம். 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையின் கீழ் இருந்த யாழ்ப்பாணத்தில், பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாகாது என்பதால், எரிபொருளைக் காற்றுடன் கலக்கும் கருவியான கார்புரேற்றருக்குள் சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். கரும்புகையும், கரி படிந்த பிளக்குகளும், எரியாத மண்ணெண்ணெய் கலந்து நீர்த்துப்போன எஞ்சின் ஒயிலும் அதனோடு வந்தன. இவ்வறிவு வியக்கத்தக்கதுதான், ஆயினும் அதைப் பெற்றவர்கள் அதைக் கேட்டுப் பெற்றவர்கள் அல்லர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி வரை திறக்கப்படாதிருந்ததும், 2022 இல் ரூபாய் சரிந்து முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர் என்ற அளவில் பெற்றோல் பங்கிடப்பட்டதும், அந்நிலையின் மென்மையான மறுபதிப்பு எனலாம். மாற்ற வேண்டிய வண்டியை மாற்ற முடியாதவர்கள் அதைக் கவனிக்கக் கற்றுக்கொண்டனர்.

தானே செய்யத்தக்க வேலைகளில் முதலாவது எஞ்சின் ஒயில் மாற்றுவது. எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியின் நட்டைக் கழற்றி, பழையதை வடியவிட்டு, வடிகட்டியை மாற்றி, நட்டை மீண்டும் பூட்டிப் புதிய ஒயில் ஊற்றுவது, சொல்லும்போது ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். அலுமினியத் தொட்டியின் மரைகள் மென்மையானவை. ஒழுகிவிடுமோ என்ற அச்சத்தில் நட்டை இறுக்கிக்கொண்டே போகும் புதியவர் மரையை அரித்து, தவிர்க்க நினைத்த ஒழுக்கைத் தாமே உண்டாக்கிவிடுவார். எந்த இடத்தில் இறுக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதை அளவுகாட்டும் ஸ்பானர் இல்லாத கராச்சுகளில் கையே அறிகிறது. அந்த அறிவுக்குத்தான் கூலி கொடுக்கப்படுகிறது என்பது, ஒருமுறையேனும் தாமே நட்டைத் திருகிப் பார்த்தவருக்கு விளக்கப்பட வேண்டியதில்லை. வடித்த ஒயிலை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். கராச்சில் அது பீப்பாயில் சேர்க்கப்பட்டு, கறையான் அரிக்காமலிருக்க வேலிக் கட்டைகளுக்கும் கூரை மரங்களுக்கும் பூசுவோர் கைக்குப் போகிறது. வீட்டு முற்றத்தில் வடித்தவர் அதைக் கானில் ஊற்றிவிட்டால், மாரி மழையோடு அது வாவிக்குப் போகிறது.

எல்லா வேலையும் இவ்வாறு வீட்டு முற்றத்துக்கு வரத்தக்கதன்று. ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியாகி இங்கு பரவலாக ஓடும் ஹைபிரிட் கார்களில், அதாவது பெற்றோல் எஞ்சினுடன் மின்மோட்டரும் சேர்ந்து இயக்கும் கார்களில், டொயோட்டா அக்குவாவின் மின்கலத்தொகுதி ஏறக்குறைய 144 வோல்ட் அழுத்தம் கொண்டது. அதைத் திறப்பது உயிருக்கு ஆபத்து. அதே ஹைபிரிட் என்ற பெயரில் விற்கப்படும் சுசுகி வேகன் ஆரின் துணை மின்கலம் 12 வோல்ட் மட்டுமே. இவ்வேறுபாட்டைச் சொல்ல வேண்டிய கைநூல் ஜப்பானிய மொழியில் இருப்பதால், பலர் அதைத் திறக்காமலே வைத்திருக்கின்றனர். ஆயினும் அக்குவாவின் உயர் அழுத்தப் பகுதிக்குள் கை வைக்கத் தேவையற்ற ஒரு வேலை உரிமையாளருக்கு உண்டு. மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்று பின்னிருக்கையின் அருகிலுள்ள ஒரு துளைவாயிலால் உள்ளே போகிறது. அங்கே மணலும் பஞ்சுத்தூசும் அடைத்தாலோ, பயணப்பை ஒன்று சாய்ந்து மறைத்தாலோ மின்கலம் சூடேறி ஆயுள் குறைகிறது. அந்தக் காரில் செய்யக்கூடிய மிகச் செலவான திருத்தங்களுள் ஒன்றைத் தள்ளிப்போடும் வேலை, தூசு உறிஞ்சியுடன் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

இவையனைத்தையும்விட அதிகக் கவனத்துக்குரியது, கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஒரு பழுது. மிதியின் அழுத்தத்தைச் சில்லுகளுக்குக் கொண்டுசெல்லும் திரவம், பேச்சில் பிரேக் ஒயில் எனப்படுவது, பொதுவாகக் கிளைக்கோல் சேர்மங்களால் ஆனது. காற்றிலுள்ள ஈரத்தை ஆண்டுக்கணக்கில் மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 எனப்படும் தரத்தில், புதிய திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்த நிலையில் அவ்வெல்லை 140 பாகையாகத் தாழ்கிறது. வாவிக் காற்றின் ஈரத்தில், இரும்பைக் கறள் பிடிக்க வைக்கும் அதே ஈரத்தில், இச்சரிவு யாருக்கும் தெரியாமல் நடக்கிறது. ஏறாவூரும் சுற்றுப்புறமும் மட்டமான நிலம். அங்கே பிரேக் ஒருபோதும் அவ்வளவு சூடாவதில்லை. அயலிலுள்ள செங்கலடியில் தொடங்கும் ஏ5 வீதியில் பிபிலை கடந்து, லுணுகலை, பசறை மலைப்பாதைகளால் பதுளைக்குக் குடும்பத்துடன் போய்த் திரும்பும் நாளில், நீண்ட இறக்கத்தில் மிதியை அழுத்திக்கொண்டே வரும்போதுதான் சூடேறிய திரவத்தில் நீராவிக் குமிழ்கள் தோன்றுகின்றன. திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். ஆகவே மிதி அடிவரை இறங்கும், வண்டி நிற்காது.

இந்தத் திரவத்தை மாற்றுவதைத் தாமே செய்யலாமா என்றால், குழாயில் ஒரு காற்றுக்குமிழ் எஞ்சினாலும் விளைவு எதிரே வருபவரையும் தாக்கும் என்பதால், கற்றவர் கையில் விடுவதே தகும். ஆனால் அதை மாற்றும்படி கேட்க வேண்டியவர் உரிமையாளர். கேட்காவிட்டால் எவரும் செய்யப்போவதில்லை. சிறிய ஊரில் கேட்பதற்கும் ஒரு கூச்சம் உண்டு. மெக்கானிக் நன்கு தெரிந்தவர்; ‘நானா’ என்றோ ‘அண்ணன்’ என்றோ அழைக்கப்படுபவர்; கல்யாண வீட்டிலும் மையித்து வீட்டிலும் சந்திக்கப்படுபவர். அவரிடம் ‘சோதித்துப் பார்த்தீங்களா?’ என்று கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகிவிடுமோ என்று பலர் வாய் திறப்பதில்லை. பிர்சிக் குறைகண்ட அக்கறையின்மை முன்பின் அறியாதவர்களிடையே நிகழ்ந்தது. இங்கோ அறிமுகமே கேள்வியை அடைத்துவிடுகிறது.

இதனினும் ஆழமான குறை கூலி முறையிலேயே உள்ளது. கழற்றுவதற்கும் பூட்டுவதற்கும் கூலி உண்டு. பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை, ஓட்டுங்க’ என்று சொல்வதற்குக் கூலி இல்லை. அரை மணி நேரம் சத்தத்தைக் கேட்டு, நான்கு சில்லுகளையும் ஆட்டிப் பார்த்து, செலவு வேண்டாம் என்று அனுப்பும் மெக்கானிக் அன்றைய அரை மணி நேரத்தை இழக்கிறார். எதையாவது மாற்றியவர் சம்பாதிக்கிறார். மெக்கானிக்குகள் தேவையற்றதை மாற்றுகிறார்கள் என்று குறைப்படுவோரில் எத்தனை பேர், மாற்றாமல் அனுப்பியவரின் கையில் எதையேனும் வைத்திருப்பர்? பயிற்சிச் சான்றிதழ் இன்றித் தொழில் கற்றவர்களின் திறனையும் மதிப்பிட்டு, தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு இலங்கையில் இருக்கிறது. அது கராச்சின் சுவரில் மாட்டப்படும் மதிப்பைத் தரும், கூலியின் முறையை அது மாற்றாது. அதை மாற்றக்கூடியவர், சொந்தக் கையால் ஒயில் மாற்றிப் பார்த்து, பழுதைப் பூட்டித் தீர்ப்பதைவிட அதைக் கண்டுபிடிப்பதே கடினமென்று அறிந்த உரிமையாளர்தான். மலைப்பாதைக்குப் புறப்படும் முன் பிரேக்கைப் பார்த்துத் தரும்படி கேட்டு, மாற்றத் தேவையில்லை என்ற பதிலுக்கும் பணம் கொடுப்பவராக அவர் இருப்பார்.