ஆகாயத்துச் சாட்சி

ஐந்து ஆறுகளின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் ஊர் திருவையாறு. காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று விரல் மடக்கி எண்ணிச் சொல்வார்கள். இத்தனை ஆறுகளுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்குத் தண்ணீரை அளக்கத் தனியாக ஒரு கருவி வேண்டியிருக்கவில்லை. படித்துறை இருந்தது. "இன்றைக்கு எத்தனை படி முழுகியிருக்கிறது?" என்று கேட்டால் போதும், ஆற்றின் சௌக்கியம் தெரிந்துவிடும். பதினெட்டாம் பெருக்கன்று காதோலை கருகமணியோடு வருகிற பெண்கள்கூட அந்தக் கணக்கைத் தப்பில்லாமல் சொல்லிவிடுவார்கள்.

அந்த அளவு முறையில் ஒரு பெரிய நன்மை, அது எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. தலைமடைக்காரர் மதகைக் கூடுதலாகத் திறந்தால் கடைமடைக்காரர் மண்வெட்டியோடு வந்து நிற்பார். வாய்ச்சண்டை நடக்கும். பிறகு நாலு பேர் கூடிப் பேசி முறை வைப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரில் அநியாயமும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே நியாயமும் சாத்தியமாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் விஷயத்தில்தான் நம்முடைய ஒழுக்கம் தடுமாறுகிறது. அதைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். ஏனென்றால், தெரியாமலிருந்த அந்தத் தண்ணீரையும் இப்போது ஒரு கண் பார்க்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கண் ஆகாயத்தில் இருக்கிறது.

நிலத்தைப் படம் பிடிப்பதற்கென்றே அமெரிக்கர்கள் லாண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோளை 1972 ஜூலையில் அனுப்பினார்கள். நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். 1ஏ 1988 மார்ச்சில், அன்றைய சோவியத் நாட்டிலிருந்த பைக்கனூர் தளத்திலிருந்து புறப்பட்டது. அதற்குப் பின் எத்தனையோ போய்விட்டன. அவை அனுப்புகிற படங்களை ஹைதராபாத்தில் இருக்கும் தேசியத் தொலையுணர்வு மையம் வாங்கி வைத்து ஆராய்கிறது. தொடாமல் தூரத்திலிருந்தே அறிவதால் அதற்குத் தொலையுணர்வு என்று பெயர்.

அந்தப் படங்களில் ஒரு வேடிக்கை உண்டு. உயிருள்ள இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்புகிறது. தண்ணீர் அதை விழுங்கிவிடுகிறது. அந்த ஒளிக்குச் சிவப்பு வர்ணம் கொடுத்துப் படம் அச்சிடுவது ஒரு வழக்கம். ஆகவே தஞ்சாவூர்ச் சீமையின் பச்சைப் பசேலென்ற சம்பா வயல் அங்கே குங்குமம் கொட்டியது போலச் சிவந்திருக்கும். நிறைந்த ஏரி கறுத்திருக்கும். லாண்ட்சாட் படத்தில் ஒரு சின்னக் கட்டம் என்பது முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர். நம் கணக்கில் ஒரு மாவில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு வேலி நிலம் முப்பது கட்டங்களில் அடங்கிப்போகும்.

இந்தக் கண்ணின் வலிமையைச் சென்னைவாசிகள் 2019-ல் கண்டார்கள். 2018 ஜூனில் எடுத்த புழல் ஏரியின் படத்தையும், 2019 ஜூனில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உலகமே பார்த்தது. முதல் படத்தில் ஏரி இருந்தது. இரண்டாவது படத்தில் ஏரி இருந்த இடம் இருந்தது.

ஆனால் ஏரி வற்றியதைச் சொல்ல ஆகாயத்துக்குப் போகவேண்டியதில்லை. கரையில் நிற்கிற ஆடு மேய்க்கும் பையனே சொல்லிவிடுவான். பூமிக்குள் இருக்கிற தண்ணீரை யார் சொல்வது? அதையும் சொல்லத்தான் 2002 மார்ச்சில் கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களை அமெரிக்கர்களும் ஜெர்மானியர்களும் சேர்ந்து அனுப்பினார்கள். அவை படம் பிடிக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளி விட்டுச் சுற்றி வந்தன. கீழே பூமியில் கனம் கூடுதலாக இருக்கும் இடம் வந்தால் முன்னே போவதை அது சற்றே இழுக்கும். இடைவெளி துளி மாறும். தலைமயிரின் பருமனில் ஒரு சிறு பங்கு மாறினாலும் அந்தக் கருவிகள் கண்டுபிடித்துவிடும். மலை இடம் மாறுவதில்லை. மாதத்துக்கு மாதம் கனம் மாறுகிறதென்றால் அதில் பெரும்பங்கு தண்ணீரின் நடமாட்டம். மழையையும் ஆற்றையும் ஈரத்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது பூமிக்கடியில் உள்ள நீரின் கணக்கு. அவை 2017-ல் ஓய்ந்தன. 2018 முதல் அவற்றின் வாரிசுகள் சுற்றுகின்றன.

2009-ல் அந்தக் கணக்கை வைத்து விஞ்ஞானிகள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். 2002 ஆகஸ்டிலிருந்து 2008 அக்டோபர் வரை ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதியில் பூமிக்குள்ளிருந்து 109 கன கிலோமீட்டர் நீர் குறைந்து போயிற்று. மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. அப்படிப்பட்ட மேட்டூர் அணைகள் நாற்பத்தொன்று! அந்த ஆண்டுகளில் மழை அங்கே பெரிதாகப் பொய்த்துவிடவில்லை. வானம் செய்த குற்றமாக இருந்தால் ஆறுதலாவது உண்டு. மனிதர்கள் இறைத்த தண்ணீர் அது, பெரும்பாலும் பயிருக்கு.

இங்கேதான் தர்மசங்கடம் ஆரம்பிக்கிறது. நிலத்துக்கு உரியவன் தன் எல்லைக்குள் பூமிக்கடியில் உள்ள, குறிப்பிட்ட போக்கில் ஓடாத நீரை எடுத்துக்கொள்ளலாம் என்று 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது. அதற்கு முன்னோடியாக ஆங்கில நீதிமன்றங்களில் வளர்ந்திருந்த வாதம் ஒன்று உண்டு. பூமிக்குள் நீர் எப்படி நடமாடுகிறது என்பதை யாரும் அறியார். அறியாத ஒன்றில் பக்கத்து நிலத்துக்காரனுக்கு என்ன உரிமையை வரையறுப்பது? ஆக, தோண்டுகிறவனின் பாத்தியதை நம்முடைய அறியாமையின் மேல் எழுப்பிய கட்டிடம். தமிழ்நாட்டில் 2003-ல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். 2013-ல் அதை நீக்கிவிட்டார்கள்.

மேட்டூர் ஜூன் 12-ல் திறக்காத ஒரு வருஷத்தை எண்ணிப் பாருங்கள். ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர் குறுவை நட்டுவிடுகிறார். இல்லாதவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் பக்கத்துத் தெருக்காரர் வந்து நிற்கிறார்.

"எங்க அடிபம்புல காத்துதாண்ணே வருது."

"அதுக்கு நான் என்ன தம்பி செய்யறது? என் நிலம், என் மோட்டார். கவர்மெண்டு கரண்டு குடுக்குது, இறைக்கிறேன்."

அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. தியாகையர் ஆராதனைக்கு மூட்டை மூட்டையாக அரிசி அனுப்புகிறவர். தன் குழாய்க்கும் தம்பியின் அடிபம்புக்கும் கீழே இருப்பது ஒரே தண்ணீர் என்பது மட்டும் அவர் கண்ணில் பட்டதில்லை. அறியாமல் செய்தது பாவமாகாது என்று நம் பெரியவர்கள் இரக்கத்தோடு சொல்லிவைத்தார்கள். அறிந்த பிறகு செய்தால் என்ன பெயர்?

"கிரேஸ் என் பெயரைச் சொல்லவில்லையே!" என்று அவர் வாதாடலாம். உண்மைதான். அது பல ஜில்லாக்களைச் சேர்த்துத்தான் நிறுக்கும். தஞ்சாவூரைத் தனியே பிரித்துச் சொல்லக்கூட அதனால் ஆகாது. அதற்கு மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு தடவை அளக்கிற கண்காணிப்புக் கிணறுகள்தாம் வேண்டும். ஆகாயத்துச் சாட்சி மொத்தத்தைச் சொல்கிறது, ஆளைச் சொல்வதில்லை. எல்லோரும் சேர்ந்து செய்த குற்றம் ஒருவரும் செய்யாத குற்றம் போல ஆகிவிடுவது உலக வழக்கம். ஆனால் நாற்பத்தொரு மேட்டூரும் ஒவ்வொரு மோட்டாராகத்தான் காலியாயிற்று.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. உண்மையைச் சொன்னால் அது நமக்கே எதிராகத் திரும்பாதா? திரும்பும். காவிரி வழக்கில் நடுவர் மன்றம் 2007-ல் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. ஒதுக்கிற்று. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது. குறைத்த 14.75-ல் 10 டி.எம்.சி.க்குக் காரணம், டெல்டாவின் பூமிக்கடியில் தண்ணீர் இருக்கிறது என்பது. நிபுணர்களின் அறிக்கைகள் நீதிமன்றத்தின் முன் இருந்தன. நம் காலடியில் இருந்த தண்ணீரே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று என்று தஞ்சாவூர்க்காரர் மனம் கொதித்தால் அதில் நியாயம் உண்டு. ஆற்றில் வந்தால்தான் அடியில் ஊறும். ஆற்றைக் குறைத்து ஊற்றைக் கணக்கில் வைப்பது எப்படி என்று அவர் கேட்பார்.

கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்காகக் கணக்கே வேண்டாம் என்று சொல்லத் துணியலாமா? மேலே இருக்கிறவர்களின் அணைகளில் எவ்வளவு நீர் நிற்கிறது, அங்கே எவ்வளவு புதிய நிலம் நனைகிறது என்பதையும் அதே ஆகாயத்துக் கண்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்தவன் வீட்டு முற்றத்தைக் காட்டும்போது மட்டும் விளக்கு வேண்டும், நம் வீட்டுக்குள் வெளிச்சம் விழும்போது அணைத்துவிடவேண்டும் என்றால், அது நியாயம் கேட்கிறவனின் பேச்சல்ல. பக்கம் பார்க்காத சாட்சியை இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டால்தான் பலவீனனுக்குப் பலம். கடைமடையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய துணை வேறென்ன இருக்கிறது?

அந்தத் துணையை டெல்டா ஒருமுறை பார்த்தும் இருக்கிறது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் சராசரியைவிட 62 சதவிகிதம் குறைந்தது. சம்பா கருகிற்று. அந்தப் பருவத்தின் பயிர்க் காப்பீட்டு நஷ்டத்தைக் கணிக்கக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் ராடார் செயற்கைக்கோள் ஆய்வு கைகொடுத்தது. ராடாருக்கு மேகம் தடையில்லை, இரவு தடையில்லை. எந்த ஊரில் நட்டார்கள், எந்த ஊரில் நடவே முடியவில்லை என்று அது சொல்லும். சிபாரிசு பிடிக்கத் தெரியாதவனுக்காக இவ்வளவு உயரத்திலிருந்து ஒரு சாட்சி பேசியது சின்ன விஷயமல்ல.

ஆனாலும் அது வயலைத்தான் பார்த்தது. அந்த வயலை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து, கடன் வாங்கி விதைத்தவன் யார் என்று அதற்குத் தெரியாது. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குப் பணம் போகலாம். கதை எழுதுகிறவர்கள் தனி மனிதனைப் பார்த்துவிட்டு மொத்தத்தைக் கோட்டைவிடுகிறோம்; செயற்கைக்கோள் மொத்தத்தைப் பார்த்துவிட்டு மனிதனைக் கோட்டைவிடுகிறது. மிச்சத்தைப் பார்க்கவேண்டிய பொறுப்பு பக்கத்தில் இருக்கிறவனுடையது. அதை எந்த விண்கலத்தின் தலையிலும் கட்ட முடியாது.

வேதாந்தத்தில் சாட்சி என்றால், பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது. வினை அதைத் தீண்டாது. செயற்கைக்கோள் அந்த வகை. அதற்குத் தாகமில்லை, நிலமில்லை, சொந்தக்காரர் இல்லை. நாம் அந்த வகை அல்லவே! பார்த்ததைச் சொல்லவும், சொன்னதற்கேற்ப நடக்கவும் கடமைப்பட்ட சாட்சிகள் நாம். நம் பாஷையில் உள்ளத்தின் அந்தக் குரலுக்கே மனச்சாட்சி என்றுதான் பெயர். ஆகாயத்தில் எத்தனை கண்களை ஏற்றினாலும், அவை கண்டது கீழே ஒரு மனச்சாட்சியில் வந்து இறங்காவிட்டால், அழகான படங்கள் சேரும், அவ்வளவுதான்.

மேலே ஓடுகிற தண்ணீருக்கு நம் முன்னோர்கள் முறை வைத்தார்கள். கீழே கிடக்கிற தண்ணீருக்கு மட்டும் முறை வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், எவ்வளவு இருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை என்றோம். இத்தனை காலமும் அந்தப் பதில் செல்லுபடியாயிற்று. இப்போது தெரிகிறது. மோட்டார் பொத்தானில் கை வைக்கிற ஒவ்வொருவருக்கும் இனி வேறு ஏதாவது பதில் வேண்டும்.